பெரிய சைக்கிள், சின்ன சைக்கிள்

அந்தப் பெண் இரண்டு மலைச் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்ததில், கடைக்காரருக்கு வியாபாரம் படிந்துவிடும் என்று தோன்றியது.

"ரெண்டுலயும் முன்னாடி, பின்னாடி சஸ்பென்ஷன் இருக்கு மேடம். ஆனா சின்னது காட்டுப்பாதைக்குத்தான் சரி. பாறையிலேர்ந்து குதிச்சா ஆளைத் தூக்கி அடிச்சிடும். பெரியது எட்டு அங்குலம் அமுங்கிக் கொடுக்கும். பஞ்சு மாதிரி இறங்கலாம்."

"நிச்சயமாவா?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். யாருக்கு?"

"தம்பி பெரியதைத்தான் கேட்டான். நான்தான் சின்னது போதும்னு வாங்கிக் கொடுத்தேன்."

"அதனாலென்ன, மாத்திக்கலாம். வண்டியைக் கொண்டு வாங்க."

"வண்டி போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. போன மாசம் பாறையிலேர்ந்து குதிச்சதுல தம்பி போயிட்டான்."

"மேடம்... விக்கறதுக்காக நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்..."

"பரவாயில்லங்க. வீட்டுல எல்லாரும் என் மேல தப்பில்லன்னே சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க."