சத்தமில்லாத கார்டு

"பத்து நிமிஷம்தான்பா. பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவின் ஆக்சிஜன் மிஷினை அணைத்தான்.

அப்பா தலையாட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை. மகன் கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்துப் பார்த்து எழுதுகிறவன். ஊர் உலகமே அவன் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறது என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

குளிக்கப் போகிற நேரத்துக்கு மிஷின் இல்லாமல் எப்படியோ சமாளித்துவிடுவார். பத்து நிமிடத்துக்கு மேல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'கூடாது' என்பதை விட்டுவிட்டுப் 'பத்து' என்பதை மட்டும் மகன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவன் வேலை செய்வது அடுத்த அறையில். போய்க் கதவைச் சாத்தினான்.

மேஜையில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். பழைய மங்கலான வீடியோவை ஏஐ மூலம் பெரிதாக்கித் தெளிவாக்க எது நல்லது என்று மாலைக்குள் எழுதியாக வேண்டும். வேகத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. படத்தின் தெளிவிலும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மிச்சமிருந்தது கார்டைக் குளிர்விக்கும் விசிறியின் சத்தம் ஒன்றுதான். எது குறைவாக இரைகிறதோ அதுதான் ஜெயிக்கும்.

முதல் கார்டைக் காலையிலேயே சோதித்துவிட்டான். அக்கா வந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்ததால் அப்போது வீட்டில் மிஷினின் இரைச்சல் உட்பட ஒரு சத்தமும் இல்லை. அதே அமைதியை இரண்டாவது கார்டுக்கும் கொடுக்காவிட்டால் அது ஓரவஞ்சனை. ஓரவஞ்சனை மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது.

மைக்கைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மைக்கில் விழுவதைக் கேட்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோதனை ஓட்டத்தைத் தொடங்கினான்.

எல்லாச் சோதனைக்கும் அவனிடம் இருப்பது ஒரே வீடியோ. சின்னப் பிள்ளையாக இருந்த அவனைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா புல்வெளியில் ஓடுகிறார். அந்த ஓடுகிற கால்களைத் தெளிவாக்குவது எந்தக் கார்டுக்கும் நாக்குத் தள்ளும் வேலை. அதற்காகத்தான் அதை வைத்திருந்தான், பாசத்தால் அல்ல.

கார்டு சூடேறியது. விசிறி மெல்ல வேகம் எடுத்தது.

பாதியில் டக் என்று ஒரு சத்தம்.

நிமிர்ந்து உட்கார்ந்தான். மறுபடியும் டக். டக் டக்.

விசிறியின் அச்சில் கோளாறு! வேறு எவன் கண்ணிலும் படாத கோளாறு. அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டான்: 'காசு கொடுத்து வாங்கும் தலைவலி'.

ஆனால் ஒரே ஓட்டத்தை நம்பி எழுதுகிற ஆள் இல்லை அவன். எதையும் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். கோளாறைச் சூட்டோடு சூடாகப் பிடித்துவிட வேண்டும் என்று, எழுந்திருக்காமலே இரண்டாவது ஓட்டத்தைத் தொடங்கினான்.

பத்து நிமிடம் தாண்டியது அவனுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இந்த முறையும் சத்தம் வந்தது. முதலில் படபடவென்று, பிறகு விட்டு விட்டு. 'போகப் போகச் சத்தம் குறைகிறது' என்று எழுதிவைத்தான்.

ஓட்டம் முடிந்தது. கார்டு அடங்கியது. ஹெட்போனைக் கழற்றினான்.

டக்.

விசிறி சுற்றவில்லை.

அடுத்த அறைக்கு ஓடினான். அப்பா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மோதிரம் போட்ட கை கட்டிலின் இரும்புக் கம்பியில் கிடந்தது.

அப்பாவுக்கு எட்டாத மூலையில் இருந்த மிஷினைக் கட்டிலருகே தள்ளிவந்து போட்டான். மூக்கில் குழாயைச் சரிசெய்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். கோளாறும் போச்சு, தலைப்பும் போச்சு.

அப்பாவுக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆனது.

"நான் தட்டினது உன் வேலையில கேட்டுடுச்சாப்பா?"

ஆமாம் என்றான். இரண்டு ஓட்டமும் பாழ் என்றான். ஒரே ஒரு சுத்தமான ஓட்டம் கிடைத்தால்கூட எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றான். நான் எதையும் கேட்கவில்லை, நிலவரத்தைச் சொன்னேன், அவ்வளவுதான் என்று அவனுக்கு நினைப்பு.

அப்பா குழாயில் வந்த காற்றை இழுத்து இழுத்து விட்டார். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது. பிறகு மோதிரக் கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார். இன்னொரு கையை நீட்டி, மிஷினை அவரே அணைத்தார்.

"போப்பா. இந்தத் தடவை சத்தம் வராது."

அவன் போனான்.

அந்த ஓட்டம் சுத்தமாக இருந்தது. விசிறியின் மெல்லிய இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. முதல் கார்டைவிட இது ஒரு படி மேல் என்று தெளிவாகவே தெரிந்தது.

நேர்மையாகப் பார்த்தால் இன்னும் இரண்டு ஓட்டம் பாக்கி. வீடு மறுபடி எப்போது இவ்வளவு அமைதியாக இருக்கப்போகிறது என்று, ஹெட்போனைக் கழற்றாமல் அந்த இரண்டையும் முடித்தான்.

மூன்றிலும் ஒரு சத்தமும் இல்லை.