மேசைக்கு வராத வரைபடங்கள்

கட்டட வடிவமைப்பு நிறுவனம் நடத்திவந்த பூங்கோதை, தன் அலுவலகத்தின் வேலையை அதே அளவுள்ள மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி ஓர் ஆலோசகரை அமர்த்தினாள். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"உங்க ஆளுங்க மத்தவங்களைவிட வேகமா வரையறாங்க மேடம். ஆனா ஒவ்வொரு ட்ராயிங்கும் உங்க மேசையிலதான் தூங்குது. மத்த இடத்துல முதலாளி எல்லாத்தையும் பாக்கறதில்லீங்க."

மறுநாளே சரிபார்க்கும் பொறுப்பை மூத்த பொறியாளர்களிடம் கொடுத்துவிட்டாள். வேலை மளமளவென்று நகர்ந்தது. தாமதம் என்று சலித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களே புது வேலைகளைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஒப்பீட்டில் நிறுவனம் முன்வரிசைக்கு வந்தது. அவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்க வருவதில்லை.

ஒரு பிற்பகல் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்து போனாள். எல்லோரும் சட்டென்று அடங்கினார்கள்.

"ஏதாவது வேணுங்களா மேடம்?" என்று கேட்டாள் மூத்த பொறியாளர் ரெஹானா.

"இல்லம்மா, சும்மாதான்."

திரும்பி வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் ரெஹானா ஒரு வரைபடத்தோடு உள்ளே வந்தாள்.

"இந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? எனக்குச் சந்தேகமா இருக்கு."

அது முந்தின நாளே வாடிக்கையாளருக்குப் போய்விட்ட வரைபடம். அது போனதை மின்னஞ்சலில் பூங்கோதை பார்த்திருந்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உக்காரும்மா," என்றாள். "கதவு தெறந்தே இருக்கட்டும்."