கோட்டுப் போட்ட ஜெரோம்

முதல் அடி ஜெரோமின் காதோடு சேர்த்து விழுந்தது. அவன் கண்ணாடி தெறித்துப் போய் டீக்கடை வாசலில் கிடந்தது.

அவன் கையை ஓங்கவில்லை. இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அடித்தவன் காத்தமுத்து. அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். போன வருடம் இதே நாளில், இதே செம்பட்டி முக்கில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனவன் அவனுடைய தம்பி. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று தம்பிக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தான். அன்று காலை மாலையோடு வந்து பார்த்தால் தம்பியின் முகத்தைக் காணோம். அதை மறைத்துக்கொண்டு முன்னால் எங்கள் ஃப்ளெக்ஸ் நின்றது.

எங்கள் ஃப்ளெக்ஸில் ஜெரோம் கோட்டு சூட்டோடு சிரித்தான். பிறந்ததிலிருந்து அவன் கோட்டுப் போட்டதில்லை. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் யாருடைய உடம்பிலோ இவன் தலையை ஒட்டி, பின்னால் சுதந்திர தேவி சிலையையும் நிறுத்தி, ‘அமெரிக்காவே, அண்ணாந்து பார்!’ என்று எழுதிவிட்டான்.

போவது என்னவோ ஒரு செமஸ்டருக்கு. எங்கள் கல்லூரிக்கும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம். வருடத்துக்கு ஒருவன் போய்ப் படித்துவிட்டு வரலாம், செலவெல்லாம் அவர்களுடையது. தெருப் பையன்களுக்கு ஃப்ளெக்ஸ் வைக்க இது போதாதா? அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கத்தான் அவனை அங்கே கூட்டி வந்திருந்தோம்.

"எந்தம்பி மூஞ்சிய மறைக்கிற அளவுக்கு நீ பெரிய ஆளாயிட்டியாடா?"

காத்தமுத்து கேட்டது அவ்வளவுதான். அப்புறம் அவன் வாயால் பேசவில்லை.

வயிற்றில் உதைத்தான். ஜெரோம் மடங்கி விழுந்தான். விழுந்தவனை நாலு பேரும் சுற்றி நின்று உதைத்தார்கள்.

ஜெரோம் ஒன்றும் சாது இல்லை. நானும் அவனும் சின்ன வயதிலிருந்து ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். அவனிடம் அடி வாங்காதவன் எங்கள் செட்டில் ஒருத்தன் கிடையாது, என்னையும் சேர்த்து. அந்த நாலு பேரில் இரண்டு பேரையாவது நின்ற இடத்திலேயே படுக்க வைத்திருப்பான்.

ஆனால் கல்லூரியில் எழுதி வாங்கியிருந்தார்கள். போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சும்மா அடி வாங்கினால் கேஸ் அடித்தவன் மேல். ஒரு அடி திருப்பிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கேஸ். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சென்னையில் விசா நேர்காணலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அதனால் கைகள் பைக்குள்ளேயே இருந்தன. பேன்ட் துணிக்குள் முஷ்டி இரண்டும் புடைத்துக்கொண்டிருந்தன.

மற்ற பையன்கள் ஓடிவிட்டார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். அடிடா ஜெரோம், அடி, ஒரே ஒரு அடி என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அவன் அடிக்கவில்லை.

செருப்புக் காலால் வாயில் மிதித்தார்கள். பல் ஒன்று ரத்தத்தோடு தார்ரோட்டில் விழுந்தது. ஒருவன் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை நினைத்தாலும்தான்.

காத்தமுத்து அழுதுகொண்டே அடித்தான். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

பிறகு அவன் ரோட்டோரம் கிடந்த ஹாலோபிளாக் கல்லை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கினான். கீழே ஜெரோமின் தலை. அப்போதும் ஜெரோம் கையை எடுத்துத் தலையை மூடவில்லை. எடுத்தால் அது சும்மா இருக்காது என்று நினைத்தானோ என்னவோ.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஃப்ளெக்ஸின் சவுக்குக் கம்பைப் பிடுங்கினேன். தோளுக்குத்தான் குறி வைத்தேன், காதோரம் விழுந்தது. கல் ஜெரோமுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து உடைந்தது. அதன் மேல் காத்தமுத்து விழுந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. முதுகில் போட்டேன். கம்பு உடைந்தது. உடைந்த கம்பால் இன்னொருவனின் தாடையைக் கிழித்தேன். யார் மேலோ இருந்த ஆத்திரத்தை எல்லாம் அவர்கள் மேல் இறக்கினேன்.

போலீஸ் ஜீப் வந்தபோது கம்பு என் கையில் இருந்தது. ஏட்டு ஒவ்வொரு செல்போனாக வாங்கிப் பார்த்தார். எதிலும் ஜெரோமின் கை வெளியே வரவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

ஜெரோம் தள்ளாடிக்கொண்டு வந்து ஜீப் கம்பியைப் பிடித்தான். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. நன்றி சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அவனோ என் மேல் கோபத்தில் இருந்தான்.

"ஏலே அன்பு, நீ எதுக்குடா கைய வச்ச? எனக்கு ஒண்ணு ஆயிருந்தா நீதானடா போகணும்? ரெண்டாவது பேரு உம்பேருதானே."

ஜீப் கிளம்பிவிட்டது.

இரண்டாவது பெயர் யாருடையது என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? பட்டியல் வந்த மூன்று வாரமாக அதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

அன்று விடியக்காலையில் ஃப்ளெக்ஸை எங்கே நடலாம் என்று பையன்கள் என்னைத்தான் கேட்டார்கள். பஸ் ஸ்டாப் பக்கம் இடம் காலியாகத்தான் கிடந்தது. செத்தவனின் முகம் முழுசாக மறைகிற மாதிரி நடச் சொன்னது நான்.