தேரியில் கிடந்த செருப்பு

மூன்று வருஷம் கழித்து மஸ்கட்டிலிருந்து வந்த கணவன் ஸுஹைபை, அன்று காலை ஜஹ்ராதான் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தாள். காயல்பட்டினம் வீட்டில் சாப்பிட்டதுமே, தேரிக்காட்டைப் பார்க்க வேண்டும் என்று காரை எடுத்தான்.

செம்மணல் மேட்டடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சண்முகத்தாய் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து தனியா வந்தியளே, இன்னைக்கு வீட்டம்மாவையும் கூட்டியாந்துட்டியளா?"

"ஆளு மாறிப் பேசுதிய," என்றான் ஸுஹைப்.

"உங்க செருப்புகூட அந்த முந்திரி மரத்தடியிலதான கெடக்கு?"

ஜஹ்ரா போய்ப் பார்த்தாள். அறுந்த வாரை அவளே பச்சை நூலால் தைத்துக்கொடுத்த செருப்பு. அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் மஸ்கட்டுக்குப் புறப்பட்டான்.

"முன்னாலயே ஊருக்கு வந்துட்டு எங்கிட்ட மறைக்கிறீங்களா, மச்சான்?"

அவன் புது ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"வா, போயிரலாம்."

கார் கிளம்பியதும் ஜஹ்ரா திரும்பிப் பார்த்தாள். முந்திரி மரத்தடியில் ஸுஹைப் வெறுங்காலோடு குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவள் முன்னால் திரும்பினாள். கார் ஓட்டிக்கொண்டிருந்தவன் கைநீட்டி, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.