ஒரே முகமுள்ள இரண்டு எழுத்துகள்

பல்கேரியாவின் பிளவ்திவ் நகர மொழி ஆய்வகத்தின் சன்னலில் வெளிச்சம் சாய்கிறது. "எங்கள் கடிதங்களை அந்நியரிடம் ஒப்படைக்கமாட்டோம்" என்று பேட்டி கொடுத்து, புதிதாகச் சொந்த மெயில் சர்வர் வைத்த இயக்குநர் அசென் வெல்கோவ், முதல் தடவையாக அதற்குள் நுழையப் பார்த்து முடியாமல் விசைப்பலகையைக் குத்துகிறார். ஆய்வகத்தை மூட வேண்டாம் என்கிற மனு, அலுவலகம் அடைப்பதற்குள் அவர் முகவரியிலிருந்து அமைச்சகத்துக்குப் போயாக வேண்டும். திரையில் மறுபடியும் சிவப்பு வரி: பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

"பாஸ்வேர்டை மறந்துட்டு மெஷினை அடிக்காதீங்க, புரபசர்! என் சர்வர் தப்பே பண்ணாது" என்று சீறுகிறாள், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரொசிட்சா.

"எனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" காப்பிக் கோப்பை மேசையில் குதிக்கிறது.

பல்லைக் கடித்தபடி அவள் சர்வரின் பதிவைத் திறக்கிறாள். asen என்று யாருமே இல்லை என்கிறது அது. பயனர் பட்டியலிலோ asen பளிச்சென்று இருக்கிறார். அவள் விரல் நின்றுவிடுகிறது. கணக்குத் தொடங்கிய அன்று முதல் எழுத்தைப் பல்கேரிய விசையில் தட்டிவிட்டு, பிறகுதான் லத்தீனுக்கு மாறியிருக்கிறாள். பல்கேரிய 'а'வும் லத்தீன் 'a'வும் கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்குத்தான் வேறு. முகத்துக் கோபத்தைக் கலைக்காமல் அந்த ஓரெழுத்தை மாற்றுகிறாள்.

"இப்பவாவது ஒழுங்கா தட்டுங்க."

அவர் தட்டுகிறார். அஞ்சல்பெட்டி திறக்கிறது.

"மன்னிச்சுக்கோம்மா, வயசாயிடுச்சு" என்கிறார் பன்மொழி அறிஞர்.

"பரவாயில்ல" என்று பெருந்தன்மையோடு மன்னிக்கிறாள் ரொசிட்சா.