ஒரே சீட்டு

புது கார் வந்துவிட்டது என்று மணிமாறன் சொன்னதும் தமயந்தி நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து வந்தாள். சாலையில் ஓடும் கார் அல்ல அது. கார் கம்பெனிகள் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டுகளுக்குள்தான் புது மாடல்களை விடுகின்றன. வீட்டுக்கு வந்திருந்தது ஒரு நாற்காலியும் ஸ்டியரிங்கும் ஹெல்மெட்டும்தான்.

அவள் நாற்காலியின் கால்களுக்கு அடியில் பழங்களை வைத்தாள்.

"என்னடி இது? இதுக்கு டயரே கிடையாது."

"புது வண்டிய சும்மாவா எடுப்பாங்க? உக்காருங்க, நசுங்கட்டும்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கூடமெல்லாம் எலுமிச்சை மணந்தது.

"மொத ரவுண்டுல என்னையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள். அதற்காகவே பட்டுப்புடவை கட்டியிருந்தாள். இருவரும் சேர்ந்து வெளியே போய் மாதக்கணக்காகிவிட்டது.

மணிமாறன் ஸ்டியரிங்கைத் தடவினான். "இதுல ஒரே சீட்டுதான்மா. கேம்ல பக்கத்துல யாரு உக்காரப் போறாங்கன்னு வைக்கல."

"வாங்கும்போது பாக்கலையா?"

"பாத்தேன். அது ஒண்ணும் பெருசாத் தோணல."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவனுக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். ஹெல்மெட்டுக்குள் அவனுக்குத் தெரிந்த சாலை அவளுக்குத் தெரியவில்லை. அவன் சாய்ந்த பக்கமெல்லாம் அவளும் சாய்ந்தாள். ஓர் இடது வளைவில் அவன் தோள் அவள் தோளில் வந்து அழுந்தியது.

"யாரது? தள்ளு, இடிக்குது," என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

தமயந்தி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.