வெறும் தண்ணீர்

கடல்மீன் தொட்டியில் புதிதாக விட்ட மீனைப் பழைய நீலமீன் கடித்துக் குதறியது. பாறைகளை இடம் மாற்றினால் தன் எல்லை மறந்து அடங்கிவிடும் என்றார் மீன்கடைக்காரர். பவளம் படர்ந்து ஒட்டிப்போயிருந்த பாறைகளைப் பெயர்த்து மாற்றி அடுக்கினேன். உப்புநீர் சொட்டும் கையோடு, செத்துப்போன மனைவியின் கட்டிலையும் இழுத்து வெளியே போட்டேன். வேறு வழி தெரியவில்லை. பெர்லினை இரண்டாந்தாரமாகக் கட்டிய நாளிலிருந்து, மகள் ஜெனிட்டா அவளை அந்தக் கட்டில் கிடந்த அறைக்குள் விட்டதேயில்லை.

பள்ளி விட்டு வந்தவள், கட்டில் இருந்த இடத்து வெறுந்தரையில் சுருண்டு படுத்தாள். பெர்லின் சோற்றுத்தட்டோடு நெருங்கினாள்.

"இது எங்கம்மா இடம். போங்க ஆன்ட்டி."

"ரெண்டு நாள்ல மறந்துருவா," என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

பெர்லின் தொட்டியைக் காட்டினாள். பாறை இருந்த இடத்து வெறும் தண்ணீரில், புதுமீனை அண்டவிடாமல் சுற்றிச் சுற்றி வந்தது நீலமீன்.